அஷ்டமி புதனா, வியாழனா?

எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று, லேக் மார்க்கெட் தமிழ்க் கடைக்காரர் வருஷா வருஷம் பங்குனியில் ஊரிலிருந்து வரவழைத்துத் தருகிற வாக்கியப் பஞ்சாங்கம். இன்னொன்று, எங்கள் வாத்தியார் கொடுத்த திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டும் பூஜை அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சமாதானமாகத்தான் இருந்தன. சில வருஷங்களுக்கு முன் அப்பாவின் திவசம் வந்தபோதுதான் சண்டை போட ஆரம்பித்தன.

அப்பா காலமானது கார்த்திகை மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில். சிரார்த்தத்துக்குப் பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறது என்பதுதான் கணக்கு. வாக்கியப்படி அஷ்டமி புதன்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. திருக்கணிதப்படி விளக்கு வைத்த பிறகுதான் வருகிறது, ஆகவே வியாழக்கிழமை. சென்னையில் இருக்கும் அண்ணா பரம்பரையாக வாக்கியம். இங்கே கொல்கத்தாவில் (எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் கல்கத்தாதான்) எங்கள் வாத்தியார் திருக்கணிதம். "ஆகாசத்திலே சந்திரன் எங்கே இருக்கோ அதைத்தான் இது சொல்றது. உங்க அண்ணா பஞ்சாங்கம் பழங்கணக்கு" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நான் அதைத் தொலைபேசியில் அண்ணாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்பா ஒருத்தர்தானேடா? அவருக்கு நீ ஒரு நாள், நான் ஒரு நாள் சாதம் போடறதா? பித்ருக்கள் உன் வாத்தியாரைக் கேட்டுண்டா வருவா?" என்றார் அண்ணா. போனை வைத்துவிட்டார்.

நான் முப்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இரண்டு லெட்ஜர் ஒத்துவரவில்லை என்றால் எந்த இடத்தில் பிரிந்தது என்று கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது. அந்த வியாதிதான் என்னை நூலகத்துக்குத் துரத்தியது. அங்கே கிடைத்தவை நான் எதிர்பார்த்த ஜோசிய நூல்கள் அல்ல. ஒரு பௌதிக மாணவர், யூத சட்டம், பாபிலோன் களிமண் பலகை, புதுச்சேரிச் சோழி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன.

இந்த விவகாரம் எங்கள் வீட்டோடு போவதில்லை என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ந் தேதி சனி கும்பத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாற்றில் வாக்கியப்படி அந்தச் சனிப் பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20ந் தேதி. பதினோரு மாத வித்தியாசம்! சனி மெதுவாக நடப்பவர். சராசரியாக ஒரு பாகை நகர ஒரு மாதம் ஆகும். அதனால் கணக்கில் சில பாகை பிசகினாலும் மாதக் கணக்கில் தெரிகிறது. சந்திரன் ஓடுகிறவர், அவர் விஷயத்தில் பிசகு மணிக் கணக்கில் நின்றுவிடும். ஆனால் திவசத்துக்கு அந்த நாலைந்து மணி போதும்.

*

1825ஆம் வருஷம் சென்னையில் 'கால சங்கலிதம்' என்று ஒரு பெரிய புத்தகம் அச்சாயிற்று. எழுதியவர் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி. ஐரிஷ் வம்சாவளி, கும்பெனி உத்தியோகம். சென்னை வானாய்வகத்தைச் சில வருஷம் நிர்வகித்தவர். (1802ல் மைசூர்ப் பக்கம் நில அளவைக்குப் போனபோது கோலார் மண்ணில் தங்கம் இருப்பதை ஆராய்ந்து எழுதியவரும் இவரே. கோலார் தங்கவயலுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பங்களின் கதையும் ஒரு வகையில் இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.) தென்னிந்தியாவில் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்ட வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார்.

அந்த மனிதரிடம் காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்திக்கொண்டே, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லி, 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிஷம். நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். சித்தாந்தம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் அபார ஞாபகசக்தி என்று வாரன் எழுதி வைத்தார். எனக்கு அதில் ஏளனம் தெரியவில்லை. நாமெல்லாம் வட்டி அட்டவணையைப் பார்த்துத்தானே வட்டி போட்டோம்? சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டோம்?

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே புதுச்சேரியில், இன்னொரு வெள்ளைக்காரர் இதைப் பார்த்து அசந்து போயிருந்தார். அவர் பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜாந்தீய். பாவப்பட்ட மனிதர். 1761ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த முறை 1769ல்தான். எட்டு வருஷம் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768ல் புதுச்சேரிக்கு வந்து வானாய்வகமே கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. 1771ல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில் அவர் செய்த உருப்படியான காரியம், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் பாடம் கேட்டது. 1765 ஆகஸ்டு 30ந் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சோழிக் கணக்கில் போட்டுக் காட்டினார்கள். 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் அன்றைய சிறந்த அட்டவணை, டோபியாஸ் மேயர் போட்டது, 68 விநாடி அதிகம். இந்தத் தகவலை நம் மேடைகளில் அடிக்கடி முழங்குவார்கள். என் அபிப்பிராயம், அந்த 41 விநாடியில் பாதி அதிர்ஷ்டம். வாரனுக்குக் கிடைத்த 52 நிமிஷத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான கணக்கு. ஆனால் அந்த 52 நிமிஷமே ஏன் ஆச்சரியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

சோழிக்காரர் மனப்பாடம் செய்திருந்தது என்ன? எண்களை அல்ல, சொற்களை. வீட்டில் குழந்தைகள் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறார்கள் என்றால் இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மாயாமாளவகௌளை பதினைந்தாவது மேளகர்த்தா. 'ம' என்றால் 5, 'ய' என்றால் 1. திருப்பிப் படித்தால் 15. தீரசங்கராபரணத்தில் 'தீ' 9, 'ர' 2, திருப்பினால் 29. இதற்குக் கடபயாதி என்று பெயர். வடமொழி மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து நோக்கிப் படிக்க வேண்டும்.

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் சொன்ன சில சொற்களை வாரன் தம் காதுக்குக் கேட்டபடி எழுதி வைத்திருக்கிறார். ஒன்று 'தேவரம்'. தே 8, வ 4, ர 2. திருப்பினால் 248. இன்னொன்று 'கலாநிலம்'. க 1, ல 3, நி 0, ல 3. திருப்பினால் 3031. மூன்றாவது 'ரஸகெரிக': 12372.

இந்த எண்கள் என்ன? சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது ஓட்டம், தூரப் போகும்போது நடை. ஒரு முறை பக்கத்தில் வந்ததிலிருந்து மறுமுறை வரும்வரை சுமார் இருபத்தேழரை நாள். 248 நாளில் சரியாக ஒன்பது சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிஷம்தான் பிசகு. 3031 நாளில் 110 சுற்று என்று வைத்தால் சுற்றுக்கு அரை விநாடி கூடப் பிசகு இல்லை. அந்த 248 நாளுக்கும், நாளுக்கு ஒன்றாக, சந்திரன் எங்கே இருப்பான் என்பதைச் சொல்லும் 248 வாக்கியங்கள் உண்டு. வரருசி இயற்றியதாகச் சொல்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்துதான். அறுபது வருஷமாகக் கேட்டும், பெயரின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் பழைய பல்லாங்குழிச் சோழிகளை எடுத்துவைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். 2024 ஏப்ரல் 14, குரோதி வருஷப் பிறப்பு. கலியுகம் தொடங்கி அன்றைக்கு ஆன நாள் 18,71,949. வாரனிடம் அந்த மனிதர் முதலில் கழிக்கச் சொன்ன எண் 16,00,984. மீதி 2,70,965. அதை 12372ஆல் வகுத்து ஈவைத் தள்ளிவிட்டால் மீதி 11,153. அதை 3031ஆல் வகுத்தால் மீதி 2,060. அதை 248ஆல் வகுத்தால் மீதி 76. ஆக அன்றைக்கு எழுபத்தாறாவது வாக்கியம். ஈவுகளுக்கு உரிய சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டால் சந்திரன் இருக்கும் இடம் கையில். சைன் இல்லை, கோசைன் இல்லை, மூன்று வகுத்தல். என் பேரன் கால்குலேட்டரை எடுத்து வருவதற்குள் சோழியில் முடித்துவிட்டேன் என்று எழுத ஆசை. உண்மையில் எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை சோழி கலைந்தது.

முதலில் கழித்த அந்த 16,00,984ஆம் நாள் எது என்று பார்த்தால் கி.பி. 1282 மே 22. அதாவது 1825ல் புதுச்சேரியில் உட்கார்ந்திருந்தவர், ஐந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் தொடங்கி வைத்த ஒரு கணக்கை, நடுவில் யாரும் திருத்தாமல், வாய்மொழியாகவே வாங்கி வந்திருக்கிறார். 52 நிமிஷப் பிசகு ஆச்சரியம் என்றேனே, அது இதனால்தான்.

*

இனி அந்தப் பௌதிக மாணவர். ஆட்டோ நொய்கெபவர், 1899ல் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்த ஆஸ்திரியர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, கிராட்ஸிலும் மியூனிக்கிலும் பௌதிகம் படித்தார். மியூனிக்கில் சோமர்ஃபெல்டின் வகுப்புகள். பிறகு கேட்டிங்கனில் கணிதத்துக்கு மாறினார். அங்கிருந்து எகிப்தியக் கணிதம், பாபிலோனியக் களிமண் பலகைகள் என்று போய்விட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் விசுவாசப் பிரமாணம் எழுதித் தர மறுத்துக் கோபன்ஹேகனுக்குப் போனார். 1939ல் அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகம். 1990ல் காலமாகும் வரை இதே வேலை.

அவர் 1952ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு 'தமிழ் வானியல்'. வாரனின் புத்தகத்தை எடுத்து, சோழிக்காரர் செய்ததை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்த்தார். 248 என்ற எண்ணைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதே 248 பாபிலோனியப் பலகைகளில் இருக்கிறது. ரோம ஆட்சிக் காலத்து எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஓலைகளில் 248ம் உண்டு, 3031ம் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன் யூப்ரடீஸ் கரையில் களிமண்ணில் கீறிய எண், 1825ல் புதுச்சேரித் தரையில் சோழியாக நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே அது எப்போதோ செத்துப் புதைந்துவிட்டது. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் வாயில் மட்டும் உயிரோடு இருந்தது.

எங்கள் சங்கத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது "அப்படியானால் நம்முடையது இல்லையா?" என்று முகம் வாடினார். இட்லியின் பூர்வீகத்தைப் பற்றியும் இப்படித்தான் சண்டை போடுகிறோம். எண் எங்கிருந்து வந்தால் என்ன? அதை வாக்கியமாக்கி, கடபயாதியில் பூட்டி, பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றி இரண்டாயிரம் வருஷம் காப்பாற்றியது யார்? எதிர்ப்பக்கத்து மிகைக்கும் ஒரு கதை உண்டு. பாரிஸுக்குப் போன நம் அட்டவணைகளைப் பார்த்து மயங்கிய பாய்யீ என்ற அறிஞர், கலியுகத் தொடக்கமான கி.மு. 3102ல் இந்தியர்கள் நேரில் வானத்தைப் பார்த்துக் குறித்த எண்கள் அவை என்று 1787ல் புத்தகமே போட்டார். பின்னால் வந்தவர்கள், அவை வெகு காலத்துக்குப் பிறகு பின்னோக்கிப் போட்ட கணக்கு என்று காட்டிவிட்டார்கள். பாய்யீயின் புத்தகத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

*

சரி, பழசு என்பதால் தப்பா? எங்கள் அஷ்டமி ஏன் நாலைந்து மணி நேரம் தள்ளிப் போயிற்று? இதற்குப் பதில் பௌதிகத்தில் இருக்கிறது. நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன்.

சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கிறது. மூன்று பேர் சேர்ந்த குடும்பத்தில் கணக்கு சுலபமாக வராது. நியூட்டனுக்கே சந்திரன் கணக்கு தலைவலி கொடுத்ததாகச் சொல்வார்கள். பூமி மட்டும் இழுத்தால் சந்திரன் தன் சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னும் அதிகபட்சம் 6 பாகை 17 கலை விலகும். சூரியன் குறுக்கிடுவதால் இன்னொரு 1 பாகை 16 கலை விலகல் உண்டாகிறது. இந்த இரண்டாவது விலகல் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முதல் விலகலைக் குறைக்கும், அஷ்டமியில் கூட்டும். 6 பாகை 17லிருந்து 1 பாகை 16 போனால் 5 பாகை 1 கலை. ஆரியபடர் சந்திரனுக்குக் கொடுத்த விலகலும் கிட்டத்தட்ட இதேதான்!

இதைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நம்மவர்கள் சந்திரனைச் சரிபார்த்தது கிரகணத்தில். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். அந்த நாட்களில் 5 பாகைக் கணக்கு அழகாகப் பொருந்தும். பொருந்துகிற கணக்கை யார் மாற்றுவார்கள்? அஷ்டமியில் கிரகணம் வராது. பிசகு கண்ணில் படாது. ஆனால் அன்றைக்குத்தான் பிசகு உச்சம். இரண்டரை பாகை வரை போகும். நேரத்தில் ஐந்து மணி, நம் கணக்கில் பன்னிரண்டரை நாழிகை. அதுவும் எல்லா வருஷமும் இல்லை. சந்திரன் பூமியை நெருங்கும் புள்ளி ஏறக்குறைய ஒன்பது வருஷத்துக்கு ஒரு தரம் வானத்தைச் சுற்றி வருகிறது. அதைப் பொறுத்துச் சில வருஷம் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகும், சில வருஷம் பிரியும். அப்பா அமாவாசையில் போயிருந்தால் அண்ணாவுக்கும் எனக்கும் அநேகமாகச் சண்டையே வந்திராது.

லெட்ஜர் பிரிந்த இடம் தெரிந்துவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. 'திருக்' என்றால் பார்வை. வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது என்று அண்ணா நினைத்தார், நானும்தான். இல்லை. கேரளத்தில் பரமேசுவரர் என்பவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431லேயே திருக்கணிதம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். 1444ல் பிறந்த நீலகண்ட சோமயாஜி, பார்வையோடு ஒத்துவராத சித்தாந்தத்தைத் திருத்துவதே சாஸ்திரம் என்று வாதாடினார். நம் ஊர் வாக்கியக் கணிதத்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர், இதே நீலகண்டருக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில் வாங்கியிருக்கிறார். அதாவது வாக்கியத்தின் உரையாசிரியரும் திருத்தச் சொன்னவரும் நண்பர்கள்! சுந்தரராஜரின் உரையோடு வாக்கியகரணத்தை 1962ல் சென்னையில் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்தார்கள். நீலகண்டரின் கிரகக் கணக்கை இன்றைய கண்ணோடு விளக்கி 1994ல் கட்டுரை எழுதியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்தில் கோட்பாட்டுப் பௌதிகத் துறையைச் சேர்ந்த ராமசுப்பிரமணியன், ஸ்ரீநிவாஸ், ஸ்ரீராம். சமஸ்கிருதமும் சமன்பாடும் ஒரே மேஜையில். வெளியே தெரியாத பெரிய வேலை.

*

கணக்கு இருக்கட்டும். எந்த நாள் என்று தீர்ப்புச் சொல்வது யார்? இது சட்டக் கேள்வி.

கொல்கத்தாவாசிகளுக்கு இது நன்றாகப் புரியும். 2025ல் நாம் ஏப்ரல் 14ந் தேதி புத்தாண்டுக்கு மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டோம். எதிர்வீட்டு வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக் 15ந் தேதி. ஒரே சூரியன், ஒரே மேஷம். விதிதான் வேறு. சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் தமிழனுக்கு அன்றே மாதப் பிறப்பு, பின்னால் நடந்தால் மறுநாள். கேரளத்தில் எல்லை அஸ்தமனம் அல்ல, உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகை. ஒடிசாவில் எப்போது நடந்தாலும் அன்றைக்கே. வங்காளத்தில் நள்ளிரவு கணக்கு. எந்த நாளில் நடக்கிறதோ அதற்கு அடுத்த நாள். 2025ல் சூரியன் மேஷத்தில் நுழைந்தது ஏப்ரல் 14 அதிகாலை மூன்றரை மணிவாக்கில். நமக்கு அன்றே, அவர்களுக்கு மறுநாள். இதில் யார் சரி என்று எந்தத் தொலைநோக்கியும் சொல்லாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1952ல் அரசு ஒரு குழு போட்டது. தலைவர், நட்சத்திரங்களின் வெப்பத்தையும் ஒளியையும் இணைக்கும் சமன்பாட்டை 1920ல் தந்த நம் கொல்கத்தா மேகநாத் சாஹா. நாடு முழுக்கப் பஞ்சாங்கங்களை வரவழைத்துப் பார்த்து 1955ல் அறிக்கை கொடுத்தார்கள். 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. சாஹா அதைப் பார்க்காமல் 1956லேயே காலமாகிவிட்டார். ராஷ்ட்ரீயப் பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. உங்களில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறீர்கள்? நானும் வாங்கியதில்லை. சட்டசபை 2008ல் தை முதல் நாளைப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது; 2011ல் அதே சபை அதை ரத்து செய்தது. அடுப்படியில் பச்சடி இரண்டுக்கும் அசையவில்லை.

யூதர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில், பிறை கண்டு மாதம் தொடங்குவதற்கு ஒரு தனிப் பகுதியே வைத்திருக்கிறார். சாட்சிகளை எப்படி விசாரிப்பது, கணக்கோடு எப்படி ஒப்பிடுவது எல்லாம் அதில் இருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1956ல் வந்தது. அதற்கு வானியல் விளக்கம் எழுதியவர் யார் தெரியுமா? அதே நொய்கெபவர்.

அந்தச் சட்ட மரபில் ஒரு பழைய சம்பவம் வருகிறது. சுமார் ஆயிரத்தொன்பது நூறு வருஷத்துக்கு முன், சபைத் தலைவர் கமாலியேல் இரண்டு சாட்சிகளின் பேச்சை ஏற்று மாதப் பிறப்பை அறிவித்தார். சாட்சி பொய் என்ற கருத்தை யோசுவா என்ற அறிஞர் ஒப்புக்கொண்டார். கணக்கு யோசுவா பக்கம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் ஆளுக்கொரு நாள் என்றால் சமூகம் என்னாவது? கமாலியேல் ஆள் அனுப்பினார்: உன் கணக்குப்படி எது மகா பரிசுத்த நாளோ, அன்று கையில் தடியும் பணப்பையுமாக என்னிடம் வந்து நில். அந்த நாளில் அதைத் தொடுவதே பாவம். யோசுவா மிகவும் கலங்கினார். சபை சொன்ன நாளே நாள், அது தவறாக இருந்தாலும், என்று நண்பர் தேற்றினார். கடைசியில் தடியையும் பையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். கமாலியேல் எழுந்து வந்து அவர் தலையில் முத்தமிட்டு, நீ அறிவில் என் குரு, என் சொல் கேட்டதில் என் சிஷ்யன் என்றாராம்.

நூலகத்தில் இதைப் படித்துவிட்டு வெளியே வந்து டிராம் பிடிக்காமல் வெகுதூரம் நடந்தேன்.

*

அந்த வருஷம் ஹவுராவில் கோரமண்டல் ஏறினேன். வாத்தியாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, "மூத்தவர் பண்றார், நீங்க கூட நில்லுங்கோ. ஒரு தோஷமும் இல்லை" என்றார், நான்தான் அவரைத் தப்பாக எண்ணியிருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கையில் பையோடு அண்ணா வீட்டு வாசலில் நின்றபோது, அவர் கதவைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முத்தமெல்லாம் நம் வழக்கம் இல்லையே. பையை வாங்கிக்கொண்டு, "மன்னி காபி போட்டிருக்கா" என்றார்.

புதன்கிழமை திவசம் முடிந்து, சாப்பிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது அஷ்டமி விஷயத்தைச் சொன்னேன். சூரியன் இழுப்பதையும், அமாவாசையில் பொருந்தி அஷ்டமியில் விலகுவதையும். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"அந்தத் தேவரம்னு ஒண்ணு சொன்னியே, இருநூத்தி நாப்பத்தெட்டு. அதை மறுபடி சொல்லு" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அந்தப் பல்லாங்குழி எங்கே இருக்கு?"